மோர்மிளகாயில் ஒரு துளை

எங்கள் மாடித்தோட்டத்தில் எட்டு மிளகாய்ச் செடிகள் நிற்கின்றன. மாசி பிறந்ததும் ஒன்றுக்கொன்று போட்டி போட்டுக்கொண்டு காய்க்கத் தொடங்கிவிடும். அன்றாடச் சமையலுக்கு நாலைந்து காய் போதும். அக்கம்பக்கத்துக்குக் கொடுத்ததுபோக ஒரு கிலோ சேர்ந்துவிட்டால் மோர்மிளகாய் போட உட்கார்ந்துவிடுவேன்.

முற்றியிருக்க வேண்டும், பழுத்திருக்கக் கூடாது. அப்படிப்பட்ட காய்களைப் பொறுக்கிக் கழுவி, துணியில் பரப்பி, ஈரம் போக உலர்த்திக்கொள்வேன். காம்பைக் கிள்ளுவதில்லை, நுனியை மட்டும் நறுக்கிவிட்டு மிச்சத்தை அப்படியே விட்டுவிடுவேன். பிறகுதான் கோணூசியின் வேலை. பளபளவென்றிருக்கும் தோல் ஊசியை ஒரு கணம் தடுக்கும். அழுத்தினால் 'டப்' என்று மெல்லிய ஓசையோடு வழிவிடும். அதன்பின் ஊசிக்குத் தடையே இல்லை. உள்ளே வெறும் காற்று. ஊசியை உருவும்போது தெளிந்த நீர் ஒரு துளி அரும்பி நிற்கும். ஒரு காய்க்கு இரண்டு மூன்று குத்து. ஒரு கிலோவையும் குத்தி முடிக்க ஒரு மணி நேரம் ஆகிவிடும்.

இதைச் சொல்லிக்கொடுத்தவர் அப்பத்தா. ராமநாதபுரம் பக்கத்துக் கிராமத்துத் திண்ணையில், மடியில் முறத்தை வைத்துக்கொண்டு அவர் குத்திக்கொண்டே இருப்பார்.

"எதுக்கு அப்பத்தா ஒவ்வொண்ணையும் குத்துற? அப்படியே மோருல போட்டா என்ன?"

"குத்தலைன்னா உப்பு உள்ள போகாதுய்யா. வெளியில உப்பா இருக்கும், உள்ள பூசணம் பூத்துரும்."

அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு உயிரியல் இருக்கிறது என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. மிளகாய்க்குக் காரம் வந்த கதையிலும் ஒரு துளை இருக்கிறது, அதன் வழியே நுழையும் பூசணமும் இருக்கிறது.

காரம் குடியிருக்கும் இடம்

ஒரு பச்சை மிளகாயை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். நடுவில் வெளிர்நிறத்தில் ஒரு தண்டு, அதிலிருந்து கிளைத்துப் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் வெள்ளைச் சவ்வு, அதில் வரிசையாகத் தொங்கும் விதைகள். காரம் விதையில் இருப்பதாகப் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது உருவாவது அந்த வெள்ளைச் சவ்வில். அதன் மேற்புறத்துச் செல்கள் கேப்சைசின் என்னும் பொருளையும் அதன் உறவுப் பொருள்களையும் சுரக்கின்றன. சவ்வோடு ஒட்டி வளர்வதால் விதையின் மேலும் அது படிந்துவிடுகிறது. விதையைத் தட்டி எடுத்த பிறகும் மிளகாய் உறைப்பதற்குக் காரணம் இதுதான். சவ்வைச் சுரண்டி எடுத்துவிட்டால் காரம் பெருமளவு போய்விடும். குடமிளகாய் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் கேப்சைசின் செய்வதற்கு வேண்டிய மரபணு அதில் பழுதுபட்டுக் கிடக்கிறது. அதனால் அதற்குக் காரமே இல்லை.

காரத்தை அளக்க முதலில் வழி சொன்னவர் அமெரிக்க மருந்தாளர் வில்பர் ஸ்கோவில். 1912இல் அவர் மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து ஐந்து பேரைச் சுவைக்கச் சொன்னார். காரம் தெரியாமல் போகும்வரை எத்தனை மடங்கு தண்ணீர் சேர்க்க வேண்டியிருக்கிறதோ, அதுவே அந்த மிளகாயின் அளவு. இன்று கருவிகள் அளக்கின்றன, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. தூய கேப்சைசினின் அளவு 1 கோடியே 60 லட்சம் ஸ்கோவில். 2023இல் கின்னஸ் புத்தகத்தில் ஏறிய 'பெப்பர் எக்ஸ்' என்ற மிளகாயின் சராசரி 26,93,000.

நம் அறுசுவையில் கார்ப்புக்கு ஓர் இடம் உண்டு. நரம்பியல் கணக்கில் அது சுவையே அல்ல, சூடு. உடலின் நரம்பு முனைகளில் டி.ஆர்.பி.வி.1 என்னும் புரதம் இருக்கிறது. சுமார் 43 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு பட்டால் கதவுபோலத் திறந்து, 'சுடுகிறது' என்று மூளைக்குச் செய்தி அனுப்புவது அதன் வேலை. கேப்சைசின் அந்தக் கதவில் போய் ஒட்டிக்கொண்டு, சூடே இல்லாத நேரத்திலும் அதைத் திறந்துவிடுகிறது. நாக்கு வெந்ததாக மூளை நம்பிவிடுகிறது. வேர்க்கிறது, மூக்கு ஒழுகுகிறது, கண் கலங்குகிறது. எங்கும் ஒரு செல்கூட வேகவில்லை. 1997இல் இந்தப் புரதத்தைக் கண்டுபிடித்துச் சொன்னது டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்குழு. 2021இல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசு, தொடு உணர்வை ஆராய்ந்த ஆர்டெம் படாபூட்டியனோடு சேர்த்துக் கிடைத்தது.

மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரினும் இதே கதவைத்தான் தட்டுகிறது. மிளகு ஒரு கொடியில் விளைவது. மிளகாய் முற்றிலும் வேறு குடும்பத்தைச் சேர்ந்த செடி, கத்தரிக்கும் தக்காளிக்கும் உறவு. போர்ச்சுகீசியர் வருகைக்குப் பின் அமெரிக்கக் கண்டத்திலிருந்து இந்தப் புதுக்காய் வந்து இறங்கியபோது, தமிழர்கள் அதற்கு 'மிளகுபோல் உறைக்கும் காய்' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். நாக்கை மட்டுமே நம்பி வைத்த பெயர். நானூறு ஆண்டுகளுக்கும் மேலான பிறகு ஆய்வுக்கூடம் அந்த நாக்குக்குச் சான்று சொல்லியிருக்கிறது.

யாருக்காக இந்தக் காரம்?

ஒரு பழத்தின் வேலை தின்னப்படுவது. தின்றவர் விதையைத் தூரத்தில் கொண்டுபோய்ப் போட வேண்டும் என்பதற்காகத்தான் செடி சதையையும் நிறத்தையும் செய்கிறது. அப்படியிருக்கத் தின்ன வருபவரின் வாயைச் சுடவைக்கும் பழத்தை ஒரு செடி ஏன் செய்ய வேண்டும்?

ஜோஷுவா டியூக்ஸ்பரி, கேரி நாபன் என்னும் இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் அரிசோனாவில் காட்டு மிளகாய்ச் செடிகளைக் கவனித்து 2001இல் ஒரு பதில் சொன்னார்கள். எலி இனங்கள் காரமான பழத்தைத் தொடவில்லை, பறவைகள் விரும்பித் தின்றன. எலிகளுக்குக் காரமற்ற மிளகாயைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றின் வயிற்றைக் கடந்து வந்த விதைகளில் ஒன்றுகூட முளைக்கவில்லை. பறவையின் எச்சத்தோடு வந்தவை நன்றாக முளைத்தன. எலிக்குப் பல் உண்டு, விதையை அரைத்துவிடும். பறவைக்குப் பல் இல்லை, முழுதாக விழுங்கி முழுதாகப் போட்டுவிடும். கேப்சைசின் பாலூட்டிகளின் வாயைச் சுடும். பறவைகளிடமும் அந்தச் சூட்டுக் கதவு உண்டு, ஆனால் கேப்சைசின் ஒட்டிக்கொள்ளும் வகையில் அமையவில்லை. கிளி மிளகாய்ப் பழத்தைக் கொத்தும்போது அதற்குத் தெரிவது இனிப்பும் சாறும் மட்டுமே.

பூச்சி போட்ட துளை

கதை இதோடு முடியவில்லை. மிளகாய்ப் பேரினம் தோன்றிய இடமாகக் கருதப்படும் பகுதியில் பொலிவியாவும் அடங்கும். அங்கே ஒரு காட்டு மிளகாய் இனத்தில் விந்தையான வழக்கம் உண்டு: ஒரே காட்டில், ஒரே இனத்தில், சில செடிகள் காரமாகக் காய்க்கின்றன, சில செடிகளில் காரமே இல்லை. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது, கடித்துப் பார்த்தால்தான் தெரியும். பறவைக்காக மட்டுமே காரம் என்றால் எல்லாச் செடிகளும் காரமாக இருந்திருக்கலாமே.

டியூக்ஸ்பரியும் தோழர்களும் அந்தப் பழங்களின் தோலைக் கூர்ந்து பார்த்தார்கள். தோலில் ஊசி குத்தியதுபோல் சிறுசிறு தழும்புகள். சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி வகைப் பூச்சிகள் தங்கள் ஊசிவாயைச் செருகிய இடங்கள் அவை. அந்தத் துளை வழியே ஃபியூசேரியம் என்னும் பூஞ்சை உள்ளே போய் விதைகளைக் கெடுக்கிறது. காரமான பழங்களில் பூஞ்சையின் வளர்ச்சி மட்டுப்பட்டது, காரமற்றவற்றில் விதைகள் அதிகம் கெட்டன. பூச்சிகள் மிகுந்த பகுதிகளில் காரமான செடிகள் அதிகம். பூச்சி குறைந்த பகுதிகளில் காரமற்றவை அதிகம். 2008இல் வெளியான முடிவு இது.

அப்படியானால் காரம் ஒரு காவல். வெள்ளைச் சவ்வு ஏன் விதைகளுக்கு இவ்வளவு நெருக்கமாக இருந்து கேப்சைசினைச் சுரக்கிறது என்பதும் விளங்குகிறது. பறவை வரும்வரை விதை கெடாமல் இருக்க வேண்டும். அதுவரை பூசணத்தைத் தள்ளிவைக்கும் பொறுப்பு அந்தச் சவ்வுடையது. இந்தக் காவலுக்குச் செடி விலையும் கொடுக்கிறது. தண்ணீர் பற்றாத இடங்களில் காரமான செடிகள் காரமற்றவற்றைவிடக் குறைவாகவே விதை வைக்கின்றன என்று பின்னர் தெரியவந்தது. வறண்ட இடத்தில் பூஞ்சையின் தொல்லை குறைவு. அங்கே காரம் செடிக்குத் தேவையற்ற செலவு.

இதைப் படித்த நாளில் கோணூசியும் அப்பத்தாவும்தான் என் கண்முன் வந்து நின்றார்கள். பொலிவியாவில் பூச்சி போட்ட துளை வழியே பூசணம் உள்ளே போனது. திண்ணையில் அப்பத்தா போட்ட துளை வழியே, பூசணத்துக்கு முந்திக்கொண்டு, உப்பு உள்ளே போனது.

உப்பும் புளிப்பும்

மிளகாயின் தோல்மேல் மெழுகுப் படலம் ஒன்று இருக்கிறது. அது நீரை வெளியே விடாது, வெளியிலிருப்பதையும் எளிதில் உள்ளே விடாது. குத்தாத காயை மோரில் போட்டால் உள்ளிருக்கும் காற்றால் மிதந்துகொண்டே இருக்கும். குத்திய காயைப் போட்டு அமுக்கினால் துளையிலிருந்து பொடிக்குமிழ்கள் வரும். காற்று வெளியேற, அந்த இடத்துக்கு உப்பு மோர் புகுகிறது.

ஒரு கிலோ காய்க்கு ஒன்றரை லிட்டர் புளித்த மோர், 200 கிராம் கல்லுப்பு. இது எங்கள் வீட்டுக் கணக்கு. பெருங்காயம் சேர்ப்பது அவரவர் விருப்பம். உப்பு மிகுந்த நீர் செல்களுக்கு வெளியே சூழ்ந்துகொண்டதும் உள்ளிருக்கும் தண்ணீர் செல்சுவர்களைக் கடந்து வெளியே இழுக்கப்படுகிறது. விறைப்பாக நின்ற காய் மறுநாளே தளர்ந்துவிடும். கெடுக்கும் நுண்ணுயிர்களிடமிருந்தும் இதேபோல் நீர் பறிபோகிறது. உப்பைத் தாங்கக்கூடிய லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பிழைத்துக்கொண்டு சர்க்கரையை அமிலமாக்கியபடி இருக்கின்றன. புளிப்பு ஏற ஏற மற்றவற்றுக்கு அங்கே வாழ்வு இல்லை. அமெரிக்காவின் லூசியானாவில் 1868 முதல் செய்யப்படும் டபாஸ்கோ சாஸிலும் மிளகாய் விழுதை உப்போடு பீப்பாயில் அடைத்து இப்படித்தான் நொதிக்கவிடுகிறார்கள்.

மூன்றாம் நாள் காயின் நிறம் மாறியிருக்கும். பளிச்சென்ற பச்சை போய், பாசிப்பயறு வெந்ததுபோல் மங்கிய பழுப்புப்பச்சை. பச்சையத்தின் நடுவில் ஒரு மக்னீசியம் அணு உட்கார்ந்திருக்கிறது. மோரின் அமிலம் அதை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் ஹைட்ரஜனை வைத்துவிடுகிறது. புளிப்பு உட்சதைவரை இறங்கிவிட்டது என்பதற்குக் கண்ணால் காணும் சாட்சி அந்த நிறமாற்றம்.

பிறகு பகலில் மோரிலிருந்து எடுத்து வெயிலில் காயவைத்து, மாலையில் மறுபடி அதே மோரில் போடுவோம். காய்ந்த காய் இரவில் மோரை ஆவலோடு உறிஞ்சும். மறுநாள் வெயில் நீரை மட்டும் எடுத்துக்கொண்டு உப்பையும் பால்புரதத்தையும் உள்ளேயே விட்டுப்போகும். மோர் வற்றும்வரை இப்படி. கடைசியில் கையில் அள்ளிக் குலுக்கினால் விதைகள் கலகலவென்று ஒலிக்க வேண்டும்.

எண்ணெயில் போட்ட சில நொடிகளில் அது கருஞ்சிவப்பாகப் பொரிந்து மணக்கிறதே, அந்த மணம் பாலின் சர்க்கரையும் புரதமும் சூட்டில் சேர்ந்து உண்டாக்குவது. பிரெஞ்சு வேதியியலாளர் மெய்யார் இந்த வினையை விவரித்ததும் ஸ்கோவில் காரத்தை அளந்த அதே 1912இல்தான். காரம் தணிவதிலும் பாலுக்குப் பங்குண்டு. கேப்சைசின் சூட்டில் எளிதில் அழிவதில்லை, நீரில் கரைவதுமில்லை. கொழுப்பிலும் சாராயத்திலும் கரையும். பாலிலுள்ள கேசீன் புரதம் அதைப் பற்றிக்கொள்வதால் நாக்கின் நரம்பை எட்டும் அளவு குறைகிறது. காரம் தலைக்கேறும்போது தண்ணீரைவிட மோர் உதவுவது இதனால்தான். தயிர்ச்சாதத்துக்கு மோர்மிளகாயைத் தொட்டுக்கொள்ளும்போது அந்த உதவி தட்டிலேயே இருக்கிறது. மிளகாய் நறுக்கிக் கை எரிந்தாலும் இதே விதிதான்: முதலில் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

வெயிலும் எண்ணெயும்

செடியிலேயே விட்ட காய்கள் பங்குனியில் சிவக்கும். பச்சையம் மறைந்து கேப்சாந்தின் என்னும் சிவப்பு நிறமி ஏறுகிறது. எங்கள் ராமநாதபுரத்துக் கரிசலில் மழையை நம்பி விளையும் உருண்டையான முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே களம் முழுக்கச் சிவப்பாகக் காயும் வற்றலைப் பார்த்து வளர்ந்தவன் நான். மாடியில் ஒரு முறம் காயவைத்தாலும் முறை அதேதான்.

பழத்தைக் காம்போடு பறிக்க வேண்டும். காம்பு ஒரு மூடி. அது போனால் பூசணத்துக்கு ஒரு வாசல் திறந்துவிடும். சுத்தமான துணியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, அவ்வப்போது புரட்டி, பனி படாமல் மாலையில் மூடிவைக்க வேண்டும். பழத்தின் எடையில் பெரும்பகுதி தண்ணீர். நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவுக்கு ஈரம் இறங்கியதும், மிச்சமிருக்கும் நீரும் நுண்ணுயிர்களுக்கு எட்டாமல் பழத்தின் பொருள்களோடு இறுகிவிடுகிறது.

அரைகுறையாகக் காய்ந்த வற்றலில் ஆபத்து உண்டு. கேப்சைசின் பூஞ்சையைத் தாமதப்படுத்தும், எல்லாப் பூஞ்சைகளையும் நிறுத்திவிடாது. ஈரம் மிஞ்சினால் ஆஸ்பெர்ஜில்லஸ் வகைப் பூஞ்சை வந்து அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது கல்லீரலைத் தாக்கும், சமையல் சூட்டில் போகாது. வற்றல் வெளியே நன்றாக இருந்து உள்ளே பூத்திருக்கலாம். தூள் அரைப்பதற்கு முன் நாலைந்தை ஒடித்துப் பாருங்கள். உள்ளே சாம்பல் பூத்திருந்தால் அந்த வற்றலை இரக்கமின்றி எறிந்துவிடுங்கள்.

நிறமி, காரம் இரண்டுமே எண்ணெயில் கரைபவை. தாளிப்பில் வற்றலைக் கிள்ளிப் போட்டதும் எண்ணெய் சிவந்து குழம்பு முழுக்கக் காரம் பரவுவது அதனால்தான். வீட்டில் மிளகாய் எண்ணெய் செய்ய விரும்பினால் நன்றாகக் காய்ந்த வற்றலில்தான் செய்ய வேண்டும். பச்சை மிளகாயையும் பூண்டையும் வெறும் எண்ணெயில் மூழ்கவைத்து நாள்கணக்கில் வெளியே வைக்கவே கூடாது. ஈரம் இருக்கிறது, புளிப்பு இல்லை, எண்ணெய் காற்றைத் தடுத்துவிடுகிறது. மண்ணிலிருந்து வரும் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியா கேட்கும் இடமே அதுதான். மணமோ நிறமோ மாறாமலே கொடிய நஞ்சு உருவாகிவிடும். நம் பாட்டிமார் பச்சை மிளகாய் ஊறுகாயில் எலுமிச்சையையும் புளியையும் தாராளமாகச் சேர்த்ததற்குச் சுவை ஒரு காரணம். அந்தப் புளிப்பே ஊறுகாயின் காவலாகவும் நின்றது.

இப்போது ஊசியோடு உட்காரும்போதெல்லாம் ஒரு நிறைவு எனக்கு. பூசணம் நெருங்கவிடாமல் விதையைக் காப்பாற்றிவைப்பது அந்தச் செடி காலங்காலமாகச் செய்துவரும் வேலை. உப்பையும் மோரையும் வெயிலையும் வைத்துக்கொண்டு நாமும் அதே பூசணத்தைத்தான் எதிர்க்கிறோம். செடியின் முக்கிய ஆயுதம் கேப்சைசின். மிச்சத்தை நம் வீட்டுப் பெண்கள் பெயர் தெரியாமலே கண்டுபிடித்து, கைமாற்றிக் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

எட்டாவது செடியின் உச்சியில் நாலு காய்களை ஒவ்வோர் ஆண்டும் விதைக்கு விட்டுவிடுவேன். அவை நன்றாகப் பழுக்கட்டும். போன பங்குனியில் நான் முந்துவதற்குள் ஒரு கொண்டைக்குருவி வந்து இரண்டைக் கொத்திக்கொண்டு போனது. பக்கத்து மாடியின் காலித் தொட்டியில் ஆடியில் இரண்டு மிளகாய் நாற்றுகள் தலைகாட்டின. யாரும் நட்டதில்லை என்றார்கள் அந்த வீட்டுக்காரர்கள். பிடுங்காமல் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கிறேன்.